பதினாலு நாள் மாப்பிள்ளை

"உங்க புள்ள பதினாலு நாளைக்கு இந்த ரூம விட்டு வெளிய வரக்கூடாதும்மா."

நர்ஸ் முதலில் சொன்னது இதுதானா, இல்லை கையைக் கழுவச் சொன்னாளா என்பதில் லூர்துமேரிக்கே இப்போது சந்தேகம். அன்றைக்கு நடந்ததை அவள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவாள். தான் திருப்பிக் கேட்டதில் மட்டும் மாற்றமில்லை.

"வர்ற புதன்கிழமை கல்யாணம். மாப்பிள இல்லாம தாலிய நானா கட்டுறது?"

மகன் சகாய பிரவீன் முந்தின நாள்தான் ஷார்ஜாவிலிருந்து வந்திருந்தான். கிளியனூர் வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. கோட்டக்குப்பத்து பாயிடம் பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது.

நர்ஸ் வாசல் கதவில் ஒட்டும் கொரோனா ஸ்டிக்கரை ஸ்கூட்டியிலிருந்து எடுத்தாள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றில் இரக்கம் இருக்கிறதா என்று லூர்துமேரி உற்றுப் பார்த்தாள். பிடிபடவில்லை.

"அங்க ஏறும்போது மூக்குல குச்சிய உட்டு டெஸ்ட் எடுத்தாங்க. மெட்ராஸ்ல எறங்குனதும் திரும்பவும் உட்டாங்க. ரெண்டுலயும் ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சி. இன்னும் எங்க உட்டுப் பாக்கணும், சொல்லு நர்சம்மா."

"வெளிநாட்டுல இருந்து வர்றவங்க எல்லாருக்கும் ரூல் ஒண்ணுதாம்மா. விழுப்புரத்துல இருந்து பேரு வந்திருக்கு."

"ரூலுக்குக் கல்யாணம் தெரியுமா? அதுக்கு அடுத்த புதன் சாம்பல் புதன். தவக்காலம் பொறந்துட்டா ஈஸ்டர் வரைக்கும் கோயில்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க. ஈஸ்டர் முடிஞ்ச கையோட இவனுக்கு லீவும் முடியுது. போனான்னா ரெண்டு வருஷம் கழிச்சித்தான் வருவான். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு என்னா பண்ணும்?"

"காத்துக்கினு இருக்கும்."

"நீ கண்டியா?"

நர்ஸ் ஸ்டிக்கரின் பின்தாளை நிதானமாக உரித்தாள்.

"கண்டேம்மா."

பந்தலுக்குக் கீழே மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த கணவர் அமலதாஸ் இருமினார். சிரிப்பை விழுங்கினால் வருகிற இருமல் அது.

"இருமாதீங்க. இந்தம்மா உங்களயும் உள்ள வச்சி அடைச்சிடும்" என்றாள் லூர்துமேரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு நர்சின் பக்கம் வந்தாள். நர்ஸ் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"தபாரு நர்சம்மா. ரெண்டே மணி நேரம். கோயிலுக்கு இட்டுக்கினு போயி, தாலி கட்டுனதும் ஜல்தியா இட்டாந்துடறேன். கட்டுன கையோட அந்தப் பொண்ணயும் உள்ள தள்ளி வெளிய தாழ்ப்பா போட்டுடறேன். ரெண்டு பேரும் பதினாலு நாள் உள்ளயே கெடக்கட்டும். போதுமா?"

ஜன்னலுக்குள் பிரவீன் வாயைப் பொத்திக்கொண்டான். நர்ஸ் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினாள். அதுவரை பிசகாத கை பிசகி, ஸ்டிக்கர் கோணலாக ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து நேராக ஒட்ட அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

"பின்னாடித் தெருவுல துபாய்ல இருந்து ஒருத்தர் வந்தாரே" என்றாள் கடைசியில், கதவைப் பார்த்தபடியே. "அவங்கப்பா சாவுக்கே நான் அவர வெளிய உடலம்மா. ஜன்னல்ல நின்னுக்கினு அழுதாரு. இங்க உட்டுட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு அந்தத் தெருவுல நடப்பேன்?"

லூர்துமேரிக்கு அந்த அழுகை கேட்டிருந்தது. அன்றைக்கு அவளும்தான் போய்த் தெருமுனையில் நின்றுவிட்டு வந்தாள். ஆனாலும் கோபம் எழுந்த இடத்திலேயே நின்றது.

"சரி. பொண்ணு வீட்டுக்கு யாரு சொல்றது? அவங்க ஜனம் திண்டிவனம் பூரா பத்திரிகை வச்சிட்டாங்க."

"அத நான் சொல்லிக்கிறேம்மா."

"நீயே சொல்லு. எனக்கு அந்தப் பேஜாரு வேணாம்."

"அம்மா, அவங்க சொல்றதும் சரியாத்தானம்மா இருக்கு" என்றான் பிரவீன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"தலையாட்டுறான் பாரு. வர்றவ சொல்றதுக்கும் இப்படித்தாண்டா ஆட்டப்போற. என் கண்ணால பாத்துட்டுத்தான் சாவேன்."

"கம்பியத் தொடாதீங்க" என்றாள் நர்ஸ். அவன் உடனே கையை எடுத்தான். அவளும் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் புதன்கிழமை பந்தலைப் பிரித்தார்கள். பிரவீனுக்கு ஒன்றும் வரவில்லை. கல்யாணம் ஈஸ்டர் முடிந்த பிறகு, முகக்கவசம் போட்ட இருபது பேர் முன்னால் நடந்தது. கம்பெனி கெஞ்சலுக்கு இரங்கி இரண்டு வாரம் லீவை நீட்டிக் கொடுத்தது. அது முடிவதற்குள் இந்தியாவிலிருந்து யாரும் வரக்கூடாது என்று அந்த நாட்டில் ரூல் போட்டுவிட்டார்கள். பிரவீன் மாதக்கணக்கில் கிளியனூரிலேயே இருந்தான். அமலதாசுக்கு வயலில் ஓர் ஆள் குறைவு தீர்ந்தது.

லூர்துமேரிதான் பாவம், யாரையும் குறை சொல்ல முடியாமல் தவித்தாள். முன்பொரு நாள் தெருக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க வந்தவளைப் பார்த்துவிட்டு, "வேலைல எவ்ளோ கறாரு, இவதான் நம்ம வீட்டுக்கு மருமக" என்று ஒற்றைக்காலில் நின்று, அந்த நர்ஸ் அக்னஸை மகனுக்குப் பேசி முடித்தவளே அவள்தான்.