குடியிருக்கும் கல்

மீன்தொட்டிக்குக் கல் எடுக்கப் போன இடத்திலும் நாகலிங்க ஸ்தபதி தட்டித்தான் பார்த்தார். சிலைக்குத் தேறுமா தேறாதா என்று ஒரே தட்டில் சொல்லிவிடுகிற கை அது. அவர் மனைவி வடிவு கண்ணாடித் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று ஆரஞ்சு மீன்களில் ஒரு ஜோடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஊதாப் பாசி படர்ந்த கடல்கற்களை அவர் ஒவ்வொன்றாகத் தூக்கித் தட்டினார். எல்லாம் ஊமை. "இது லைவ் ராக் சார், பாசி பூச்சியெல்லாம் உயிரோட இருக்கற கடல்கல்லு. உள்ள பூரா ஓட்டை, மணி மாதிரி கணீர்னு கேக்காது" என்றான் கடைக்காரன் ரியாஸ். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூலைத் தொட்டித் தண்ணீரில் கிடந்த ஒரு கல்லை எடுத்துத் தட்டினார். உள்ளிருந்து டக்கென்று பதில் வந்தது. மறுபடி தட்டினார். மறுபடி டக். ரியாஸ் பதறிப்போனான். "அத வச்சிடுங்க சார். உள்ள ஒரு இறால் ஒளிஞ்சிருக்கு. கொடுக்கால சொடக்குப் போட்டே மீனக் கொன்னுடும்." ஸ்தபதி வைக்கவில்லை. கல்லுக்குள் தேரை இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஒதுக்கிவிடுவது அவர் தொழில் வழக்கம். ஏற்கெனவே ஓர் உயிர் குடியிருக்கும் கல்லில் சாமி வந்து உட்காராது. அப்படி ஒதுக்கிய கற்கள் பட்டறைக்குப் பின்னால் மழையில் கிடக்கின்றன. ஒன்றையும் அவர் உடைத்துப் பார்த்ததில்லை. "இதையே குடுங்க தம்பி" என்றார். "ஏங்க, அப்ப என் மீனு?" என்றாள் வடிவு. "இரு. குடியிருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமில்ல" என்று, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல், ஸ்தபதி மெதுவாகத் தட்டினார்.