சீனி போடாத சம்பந்தம்

மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரத்தில் சபூறா, மாம்பழ வாசமிட்ட வெள்ளைத் தேயிலையை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். வாசம் மதில் தாண்டியதும் பக்கத்து வீட்டு ஜெஸீமா உப்புக் கேட்கும் சாட்டில் வந்துவிட்டாள்.

"சம்பந்தம் பேச வாறாக்களுக்கு இந்த வெளிறின தண்ணியா, ராத்தா? போன ரெண்டு இடமும் இதாலதானே குழம்பினது."

"இதுவும் குழம்பினாக் குழம்பட்டும்."

மகள் அப்னா பால் பேணியை எடுத்து நீட்டினாள். "உம்மா, இண்டைக்கு மட்டும் பால் தேத்தண்ணி ஊத்துங்களேன்."

சபூறா மசியவில்லை.

நரைத்த தாடிக்காரர் ஒருவரும் இரண்டு பெண்களும் வந்தார்கள். ஒரு மிடறு குடித்ததுமே பெண்கள் கோப்பையை வைத்துவிட்டார்கள். "சீனி இல்லையா?" என்றாள் மூத்தவள்.

"இல்ல. சீனி போட்டா மாம்பழ வாசம் செத்துப்போகும். இந்த வீட்டுக்கு வாற மாப்பிள்ள இதத்தான் குடிக்கணும்."

கதவோரம் நின்ற ஜெஸீமாவுக்கு வந்த சாட்டே மறந்துபோனது.

தாடிக்காரர் மட்டும் கண்ணை மூடி, ஆறுதலாகக் குடித்து முடித்தார். பிறகு கோப்பையை நீட்டினார். "விழுங்கின பிறகும் மாம்பழம் தொண்டையில நிக்குது. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அப்னா இடுப்பிலிருந்த தன் பிள்ளையோடு உம்மாவின் காதருகே குனிந்தாள். "வாப்பா மௌத்தாகி, நீங்க தனிச்சுப் பத்து வருசம். இந்த மாப்பிள்ளைக்காவது ஓம் எண்டு சொல்லுங்க உம்மா. இனியொராளத் தேட என்னால ஏலாது."

சபூறா கோப்பையை நிரப்பினாள்.

"ரெண்டாவதையும் குடிக்கட்டும். பிறகு சொல்றன்."