நாலரை மணிப் பேப்பர்

"உங்க பொண்ணு டீச்சராகணுமா, இல்ல இந்தச் சுருட்டுக் கொட்டகைக்குப் பேப்பர் படிச்சே காலம் தள்ளணுமா?"

மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே கேட்டாள் பேட்ரிசியா டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து உறையூர் வரைக்கும் அந்தப் பெண்ணின் பின்னாலேயே குடையும் கையுமாக நடந்து வந்த எரிச்சல் வேறு.

சுருட்டுச் சுற்றிக்கொண்டிருந்த மயிலம்மாள் எழுந்து நின்றாள். கள்ளிப்பெட்டி மேல் பேப்பரோடு உட்கார்ந்திருந்த மகள் வள்ளிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டாள்.

"சனிக்கிழமை டீச்சர் டிரெயினிங்குக்கு இன்டர்வியூ. நாலு பேர் முன்னால வாய்விட்டுப் படிச்சுக் காட்டினாத்தான் இடம். உங்க பொண்ணுக்கோ திக்குவாய். பழக்கி விடலாம்னு தினம் நாலு மணிக்கு வரச் சொன்னா, நாலரைக்கெல்லாம் இங்க ஓடி வந்துடறா. உங்களுக்கெல்லாம் இரக்கமே கிடையாதா?"

"கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா," என்றார் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த அழகிரி. சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி துருத்திக்கொண்டிருந்தது. "நாங்க எல்லாம் தற்குறிங்க. இந்தப் புள்ள படிச்சுச் சொன்னாத்தான் ஊர் உலகத்துல என்ன நடக்குதுன்னே தெரியும்."

"டீச்சர், இ... இ..."

"இதோ வரேங்கிறியா? கிளம்பு."

வள்ளிக்கண்ணு வாயை மூடிக்கொண்டாள்.

"அவளே சொல்லட்டுங்க டீச்சர்," என்றாள் மயிலம்மாள். "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

இருபது ஜோடிக் கைகள் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இ... இன்னும் ஒரு பத்தி இருக்கு, டீச்சர்."

படித்தாள். "நெ... நெ..." என்று நின்றாள். 'நெய்வேலி' என்று டீச்சரின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை, எடுத்தும் கொடுக்கவில்லை. வார்த்தை தானே வந்தது.

"அட, அங்க பூமிக்கடியில நிலக்கரியா?" என்றார் அழகிரி. "அப்புறம்?"

அடுத்த நாலு வரியும் தடங்கலில்லாமல் ஓடியது. மூன்று வாரமாகத் தன் முன்னால் ஓடாத ஓட்டம். டீச்சர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தாள்.

சனிக்கிழமை, இன்டர்வியூ அறையில் வள்ளிக்கண்ணு இரண்டே இடத்தில்தான் நின்றாள். பதறவில்லை. வார்த்தை வரும் வரை காத்திருந்து படித்து முடித்தாள். வராந்தாவில் நின்ற பேட்ரிசியா டீச்சர் அந்த இரண்டு தடவையும் உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவளைப் பொறுத்தவரை அதுவே பெரிய காரியம்.

இடம் கிடைத்த செய்தியைச் சொல்ல டீச்சரே கொட்டகைக்கு வந்தாள். மயிலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே அவ ஹாஸ்டலுக்குப் போயிடுவா. பேப்பருக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" டீச்சர் கொஞ்சம் தயங்கினாள். "சாயங்காலம் நான் வேணா வந்து படிக்கட்டுமா?"

அழகிரி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். வள்ளிக்கண்ணு வரவில்லை. சட்டைப்பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வேண்டாங்க டீச்சரம்மா. தினம் காலையில கொட்டகை திறந்ததும் இதே பேப்பரை மொத வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் எல்லாருக்கும் நான்தான் படிச்சுச் சொல்றேன். ரெண்டு வருஷமா, நாலரை மணிக்கு அந்தப் புள்ள உள்ள வந்தா மட்டும் எங்களுக்கு எழுத்து மறந்துபோயிடும்."