ஐந்தாவது ஆள்

"ஏலே ஹரிஷு, எந்திரி. உள்ள போ."

கோச் காளிராஜ் மூணாவது தடவையாகச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹரிஷ்குமார் தலையைத் தூக்கவே இல்லை.

"கால் வலிக்குது சார்."

காளிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்த நேரத்துக்கு முன்னால்தான் ஓடிப்போய் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு வந்தான். அப்போது வலிக்காத கால் இப்போது மட்டும் வலிக்குமாக்கும்.

விருதுநகரில் அந்தக் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு இந்த சீசனில் இது ஏழாவது மேட்ச். கடைசி மேட்சும்கூட. முந்தின ஆறிலும் தோல்வி. இதுவும் போச்சென்றால் அடுத்த வருஷம் அணியே கிடையாது என்று பிரின்சிபால் கறாராகச் சொல்லிவிட்டார்.

இன்றைக்குத்தான் அதிசயமாக நாலு புள்ளி முன்னால் இருந்தார்கள். ஆட்டம் முடிய இன்னும் மூணே நிமிஷம். அந்த நேரம் பார்த்து விக்னேஷ்வரன் அஞ்சாவது ஃபவுல் வாங்கி வெளியே வந்துவிட்டான். வந்திருந்ததே ஏழு பேர். அதில் ஒருத்தன் முதல் பாதியிலேயே முட்டியில் அடிபட்டுப் படுத்துவிட்டான். மிச்சம் இருப்பது ஹரிஷ் மட்டும்தான்.

நடுவர் வந்து கேட்டார். "ஆள் உண்டா, இல்லையா சார்?"

"அடிபட்டிருக்கு. நாலு பேரே ஆடட்டும்" என்றார் காளிராஜ், பல்லைக் கடித்துக்கொண்டு.

பாண்டிமுருகன் இருந்திருந்தால் இந்தக் கதி வருமா? ஏழாயிரம்பண்ணைப் பையன். ஆறடி ரெண்டு அங்குலம். பந்து அவன் கைக்குப் போய்விட்டால் காளிராஜ் பாட்டுக்கு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். ஆடி மாசம் பட்டாசுக் கம்பெனி விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். பத்தொன்பது வயசு. என்னத்தைச் சொல்ல?

அந்தக் கம்பெனி, ஹரிஷின் அப்பா சீனிவாசகத்துடையது.

பாண்டிமுருகன் இடத்தில் ஆடச் சொல்லி, ஆறு மேட்சாக ஹரிஷிடம் மல்லுக்கட்டுகிறார் காளிராஜ். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. காய்ச்சல், தலைவலி, இன்றைக்குக் கால். துரத்திவிடலாம் என்றால், பையன்கள் போட்டிருக்கிற பனியனிலிருந்து பந்து வரைக்கும் சீனிவாசகம் உபயம்.

கூட்டத்திலிருந்து ஒருத்தன் கத்தினான். "மொதலாளி மவன்லே. வேர்த்தாக் கரைஞ்சு போவாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹரிஷ் காதில் விழாத மாதிரி இருந்தான்.

உள்ளே நாலு பேரும் பேயாய் ஓடினார்கள். ஓடி என்ன செய்ய? எதிரணி கோவில்பட்டிக்காரன் விவரமானவன், ஆளில்லாத பக்கமாகவே பந்தைத் தள்ளித் தள்ளிக் கூடையில் போட்டான். விசில் அடித்தபோது ஒரு புள்ளியில் தோற்றிருந்தார்கள். விக்னேஷ்வரன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதான்.

காளிராஜுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நீயெல்லாம் மனுசனாலே? பாண்டிமுருகனும் நீயும் ஒரே தட்டுல தின்னீகளேடா. அவன் இடத்துல மூணு நிமிசம் நிக்க உனக்கு அம்புட்டு எளக்காரமா?"

"அந்தத் தம்பிய வையாதீக சார்."

பின்னாலிருந்து பெண் குரல். பாண்டிமுருகனின் அம்மா பஞ்சம்மாள். சீனிவாசகம் கம்பெனியில்தான் அவளுக்கும் வேலை. லீவு கிடைக்காமல் மகன் ஆட்டத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவன் அணியின் கடைசி மேட்சையாவது பார்க்கட்டும் என்று விக்னேஷ்வரன்தான் பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தான்.

"நீங்க சும்மா இருங்கம்மா. இவனாலதான் எல்லாம்."

"எல்லாத்துக்கும் நான்தான் சார் காரணம். அன்னைக்குன்னு பாத்து சோத்துத் தூக்குவாளிய வீட்டுலயே வச்சிட்டு வேன் ஏறிட்டேன். பாவி மனுசி. அதக் குடுக்கத்தான் எம்புள்ள கம்பெனிக்கு வந்தான். குடுத்துட்டு வெடிமருந்து ரூம் வழியாத் திரும்பிப் போயிருக்கான், அந்நேரம் வெடிச்சிருச்சு. கம்பெனியிலயும் அப்பிடித்தான் எழுதியிருக்காக."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு மாசமா ஒரு வாய்ச் சோறு எறங்க மாட்டேங்குது சார். சோத்த மறந்தவளுக்கு எதுக்குச் சோறுன்னு தோணுது. நான் மறக்காம இருந்திருந்தா, இன்னைக்கு இங்கன ஆடிக்கிட்டு இருப்பான்ல?"

காளிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஞ்சம்மாள் ஹரிஷின் தலையைத் தடவினாள். "இந்தத் தம்பி தங்கம் சார். வாராவாரம் வீடு தேடி வந்து, சாப்பிட்டீகளான்னு கேட்டுட்டுப் போறாக. பெத்த புள்ளைகூட இப்படி வராது."

ஹரிஷ் அந்தக் கையைப் பிடித்து விலக்கினான்.

"தொடாதீங்கம்மா."

"ஏன் தம்பி?"

"அவன் மருந்து ரூம் வழியாப் போகலம்மா. உங்ககிட்ட சோத்தக் குடுத்துட்டு நேரா கேட்டுக்குப் போயிட்டான். ஆர்டர் நிக்குது, ஒரு மணி நேரம் கை குடுலேன்னு நான்தான் திரும்பக் கூப்பிட்டேன்."

பஞ்சம்மாள் புரியாமல் காளிராஜைப் பார்த்தாள்.

"நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாத மருந்து ரூம்ல அஞ்சாவது ஆளா அவன உக்கார வச்சது நான்தாம்மா. நீங்க சாப்பிடுங்க."