ஏட்டு முத்துராசுவின் வேடம்

மனநோயாளிகளிடம் போலீஸ் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க மருத்துவர், நீதிபதி, இன்ஸ்பெக்டர் மூவரும் ஸ்டேஷன் கூடத்தில் ஒன்றுகூடிய நாளாகப் பார்த்துத்தான், மாத்திரையை விட்டு ஒரு வாரமான தில்லைநாதன் பஸ் கண்ணாடியை உடைத்துத் தொலைத்தான். பயிற்சிக்கு இடைஞ்சலாகக் கத்துகிறான் என்று அவனைப் பின்பக்க லாக்கப்பில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

கூடத்தில் நோயாளி வேடம் ஏட்டு முத்துராசுவுக்கு. சும்மா சொல்லக்கூடாது, மனிதர் தலையைக் கலைத்துக்கொண்டு அமர்க்களப்படுத்தினார். "பயப்படாதீங்க தம்பி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று எஸ்.ஐ. குழைந்தார். காலையில் தில்லைநாதனைத் தரதரவென்று இழுத்துவந்தபோது பேசிய வாயா அது!

வாசலில் நின்ற அவன் அக்கா வடிவுக்கரசிக்கு வேண்டியது ஒன்றுதான். மருத்துவர் எழுந்து பத்தடி நடந்து தம்பியைப் பார்க்க வேண்டும். உள்ளே போய்க் கேட்டாள்.

"கோர்ட் உத்தரவு வேணுமேம்மா" என்றார் மருத்துவர்.

"போலீஸ் மனு போடட்டும்" என்றார் நீதிபதி.

"டாக்டர் எழுதிக்கொடுத்தா உடனே போட்டுர்றேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மூவரும் உட்கார்ந்திருந்தது ஒரே சோபா.

பின்னால் கம்பியில் தலை மோதும் சத்தம் கேட்டது. வடிவுக்கரசி முத்துராசுவிடம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க செத்த நேரம் லாக்கப்புக்குள்ள போய் இருங்க. அவன் வந்து இந்த நாற்காலில உக்காரட்டும்."

இதுவும் பயிற்சிதான் என்று நினைத்துப் பின்வரிசைப் போலீஸ்காரர்கள் கைதட்டினார்கள். முத்துராசு மட்டும் எழுந்து நாற்காலியைக் காலி செய்தார்.