கருணை அடிப்படையில்

ஜாங்கிரியை அவன் கையில் வைத்துவிட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்கள். கிழித்த செய்தித்தாள் துண்டின் மேல் பிசுபிசுவென்று உட்கார்ந்திருந்தது. பாகு தாளில் ஊறி உள்ளங்கைக்கு இறங்கியது.

வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும் ஸ்வீட், காரம், டீ உண்டு. சேர்கிறவர்தான் வாங்கித் தர வேண்டும். இவனிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு, அவர்களே வாங்கி வைத்திருந்தார்கள்.

வாங்காமலே விட்டிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எழிலரசி இங்கேதான் இளநிலை உதவியாளராக இருந்தாள். அவன் மனைவி. போன வருஷம் ஐப்பசி மழையில் டெங்கு வந்து போய்ச் சேர்ந்தாள். அவள் பார்த்த வேலையைக் கருணை அடிப்படையில் இவனுக்குக் கொடுத்திருக்கிறது அரசாங்கம்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தான்.

பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டான். இந்த வேலை எனக்கு வேண்டாம் சார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. காரணம் கேட்டால் சொல்லக் கூடாது. படியிறங்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

பி.டி.ஓ. இன்னும் வரவில்லை.

"கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங். வந்துடுவாரு. நீங்க சாப்பிடுங்க தம்பி" என்றாள் மரகதம். எழிலரசிக்குப் பக்கத்து மேசைக்காரி.

எல்லோரும் சுற்றி நின்று தின்றார்கள்.

வாய்க்குள் மிக்சர் நொறுங்கும் சத்தம். நெய் நாற்றம். கணக்குப் பிரிவுக் குப்புராஜ் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பி, நாற்காலி முதுகில் போட்டிருந்த துண்டில் துடைத்தார்.

"குரூப் ஃபோர் எத்தன தடவ எழுதினீங்க தம்பி?"

"அஞ்சு."

"நான் நாலாவதுல வந்தேன். தூங்கினதே இல்ல. உங்களுக்குன்னா..."

மரகதம் அவரைப் பார்த்தாள். அவர் இன்னொரு பிடி மிக்சரை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

அவர் பாதியில் நிறுத்தியதை மற்றவர்கள் முழுதாகவே சொல்லியிருந்தார்கள்.

வேலைக்கான ஆணை வந்த அன்று பெரியப்பா தோளில் தட்டினார். "போறவ சும்மா போகலடா. உனக்கு ஒரு வழி பண்ணிட்டுத்தான் போயிருக்கா."

அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

கோச்சிங் சென்டர் சிநேகிதன் போன் செய்தான். "மச்சி, செட்டில் ஆயிட்டடா." பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இருமினான். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

மாமியார் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு தேர்வு முடிவு வந்தபோதும் எழிலரசி ஒன்றைத்தான் சொல்வாள். அடுத்த தடவ கெடச்சிடும்ங்க.

கிடைத்துவிட்டது.

"கையிலயே வச்சிருக்கீங்களே" என்றாள் மரகதம்.

அவள் வாயை அடைக்கத்தான் ஒரு விள்ளல் பிய்த்துப் போட்டுக்கொண்டான்.

எழிலரசி போனதிலிருந்து எதிலும் ருசி இல்லை. உப்புப் போட்டதும் போடாததும் ஒன்றுதான். அம்மா தட்டில் வைப்பாள், இவன் விழுங்குவான். நாக்கு செத்துவிட்டது என்று நினைத்திருந்தான். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்த அளவுக்காவது ஒழுங்காகத் துக்கப்படுகிறோம் என்று.

ஜாங்கிரி பல்லில் உடைந்தது.

உள்ளிருந்து பாகு வெதுவெதுப்பாக வழிந்தது. உளுந்து மணம். லேசாக ரோஜா வாசனை. ஓரத்தில் மொறுமொறுப்பு. இனிப்பு காதடி வரை ஏறியது. வாயெல்லாம் எச்சில் ஊறியது.

ஜாங்கிரி நன்றாகத்தான் இருந்தது.

துப்பிவிடலாம். ஜன்னல் பக்கத்திலேயே இருந்தது. துப்பியிருந்தால் இவர்கள்கூடப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

அடுத்த விள்ளலைப் பிய்த்தான். அதற்கு அடுத்ததையும். தாளில் ஒட்டியிருந்த பாகை விரலால் வழித்து நக்கினான்.

"இன்னொன்னு வைக்கட்டுமா தம்பி?"

தலையாட்டினான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. மரகதம் வைத்தாள்.

வெளியே ஜீப் வந்து நின்றது. ஆளுக்கு ஆள் தாளைக் கசக்கினார்கள். குப்புராஜ் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

பி.டி.ஓ. நேராக இவனிடம்தான் வந்தார். களைத்த முகம். நல்ல மனுஷர் போலத்தான் தெரிந்தார்.

"எழிலரசி வீட்டுக்காரரா? வாங்க. என்ன, இன்னிக்கே ஜாயின் பண்ணிடறீங்களா?"

இதுதான் இடம்.

வாய் நிறைய ஜாங்கிரி.

அவர் காத்திருந்தார். எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். அவன் மென்றான். சத்தம் அவனுக்கே கேட்டது. விழுங்கினான். வாய் காலியானது.

"எங்க உக்காரணும் சார்?"

மரகதம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள்.

உட்கார்ந்தான். முழங்கால் மேசையில் இடித்தது.

குனிந்து பார்த்தான். காலடியில் ஒரு பலகை. எழிலரசி குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் அவளுக்குக் கால் தரைக்கு எட்டாது. யாரிடமோ சொல்லி அடித்து வாங்கியிருக்கிறாள். குதிகால் பட்டுப் பட்டு நடுவில் இரண்டு இடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

மரகதம் திரும்பி நின்றுகொண்டாள்.

அவன் கையால் எடுக்கவில்லை. காலாலேயே தள்ளினான். அது சுவர் வரை போய் நின்றது.

காலை நீட்டினான்.

வசதியாக இருந்தது.