எதிர் வரிசை

டங், டங், டங்.

டம்ளர் விளிம்பில் கரண்டி தட்டும் சத்தம். எத்தனையோ வருஷம் ஆகியும் டாக்டரம்மாவின் காதை விட்டு அது போகவில்லை. காலையில் கிழக்கு வரிசை வாசல்களிலிருந்து எழும். தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போதே கேட்கும். பொடி கலக்குகிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தார்.

மருந்து எழுதித் தருகிற டாக்டர் இல்லை அவர். ஊருக்கே நாடி பார்க்கிற டாக்டர். ஆலைத் தொழிலாளர் தெரு ஒன்றில் எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள். இரண்டிலும் பிள்ளைகள் ஈர்க்குச்சிகள். சத்துப் பொடி கொடுத்தால் எடை ஏறுமா, நோய் குறையுமா என்பது ஆராய்ச்சி. கிழக்கு வரிசைக்குப் பொடி. மேற்கு வரிசைக்கு வெறும் தராசு. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே.

மேற்கு வரிசையில் ஒரு பொடியன். தராசில் தொங்கவிட்டால் முள் அசையவே யோசிக்கும். சுண்டெலி என்று கூப்பிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று அவன் அம்மா கேட்டபோது, சீட்டுக் குலுக்கித்தான் வரிசையைத் தேர்ந்தெடுத்தோம் என்று டாக்டரம்மா விளக்கினார்.

"பசிக்கும் சீட்டுக் குலுக்குறாங்கடியோவ்" என்றது கிழக்கு வரிசையிலிருந்து ஒரு குரல். அவளுக்குப் பட்டாசு என்று பெயர். தெருவே சிரித்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கறாராகச் சொல்லிவிட்டார். பொடியை விற்றால் அந்த வீட்டுக்கு மட்டும் நிறுத்தம். எதிர் வரிசைக்கு ஒரு சிட்டிகை போனாலும் ஆராய்ச்சியே கெட்டுவிடும், தெருவுக்கே நிறுத்தம்.

ஒரு வருஷம் கழித்து, ஆராய்ச்சிக்குத் தலைவரான பேராசிரியர் கூப்பிட்டார். இரண்டு வரிசையும் ஒன்றுபோலத்தான் ஏறியிருக்கிறது, பொடியில் ஒன்றுமில்லை, கடையைக் கட்டலாம் என்றார்.

மேற்குப் பிள்ளைகள் வளர்கிற வயசு, சும்மாவே ஏறும் என்று டாக்டரம்மா கணக்குப் போட்டார். கிழக்குக்கு ஏன் கூடுதலாக ஏறவில்லை? மாசத்துக்குக் கொடுத்த பொடி பாதி மாசத்தில் தீர்ந்துபோகிறதே, எங்கே போகிறது? அவருக்கு ரத்தம் கொதித்தது. நேரே பட்டாசு வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பொடியை வித்தீங்களா?"

வாசலுக்கு வாசல் தலைகள் எட்டிப் பார்த்தன. எதிரே சுண்டெலியின் அம்மா ஏதோ சொல்ல ஓரடி எடுத்து வைத்தாள். பட்டாசு அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நமுத்துப்போன குரலில் சொன்னாள்.

"ஆமா டாக்டரம்மா. வித்துட்டேன். என் வீட்டை மட்டும் லிஸ்ட்லேருந்து அடிச்சுடுங்க. மத்தவங்க மேல தப்பில்லை."

"பெத்த பிள்ளை வாயில மண்ணைப் போட்டிருக்கியே. நீயெல்லாம் ஒரு தாயா?"

பட்டாசு வெடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அன்றே அவள் மகளுக்குப் பொடி நின்றது.

அடுத்த மாசம் எடை பார்த்தால், பொடி நின்ற அந்தப் பெண்ணுக்கும் மற்றவர்களைப் போலவே ஏறியிருக்கிறது. டாக்டரம்மாவுக்குப் பிடிபடவில்லை. மறுநாள் விடிகிற நேரத்தில், யாருக்கும் சொல்லாமல், வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

டங், டங், டங்.

மேற்கு வரிசைக் கதவுகள் திறந்தன. பிள்ளைகள் தெருவைக் கடந்து ஓடி வந்தார்கள். கிழக்கு வரிசையில் ஒவ்வொரு வாசலிலும், அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வாய், எதிர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வாய். பட்டாசுவின் பக்கத்து வீட்டில் அவள் மகளும் சுண்டெலியும் ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள்.

அந்தச் சத்தம் கலக்குகிற சத்தம் இல்லை. கூப்பிடுகிற சத்தம்.

"அப்போ நீ விக்கலையா?" என்று வாசலில் நின்ற பட்டாசுவிடம் கேட்டார் டாக்டரம்மா.

"இந்தத் தெருவுல வாங்கறதுக்கு யார் இருக்கா?"

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா தெருவுக்கே நிறுத்தம்னீங்களே. வித்தேன்னா என் வீட்டோட போயிடும்." இப்போது பட்டாசு நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு பிள்ளை குடிக்குது, இன்னொண்ணு எதிர்ல நின்னு பார்த்துட்டிருக்கு. உங்களால அதைப் பார்க்க முடிஞ்சுது டாக்டரம்மா. எங்களால முடியலை."

டாக்டரம்மாவுக்கு முகம் எரிந்தது. அந்த எரிச்சலோடு பேராசிரியர் அறைக்குப் போனார். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. நீ எதையும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள், பலன் இல்லை என்று எழுதி முடி என்றார்.

"பாதிப் பாதி குடிச்சே ரெண்டு வரிசையும் ஏறியிருக்கு சார். பலன் இல்லைன்னு எந்த வாயால சொல்றது?"

"ஒப்பிட எதிர் வரிசை வேணும்மா. அது இல்லேன்னா ஆராய்ச்சி இல்லை. கதை."

"எதிர் வரிசைன்னா பட்டினி கிடக்கணும். அதானே சார்?"

அவர் அறிக்கையை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா கையெழுத்துப் போடவில்லை. அறிக்கையில் பேராசிரியரே போட்டுக்கொண்டார். அவருக்கு மாலை விழுந்தது. டாக்டரம்மாவுக்கு மாற்றல் வந்தது. தெருவுக்குப் பொடி நின்றது. சத்துப் பொடியால் பிள்ளைகளுக்குப் பலன் இல்லை என்று இன்றைக்கும் அந்த அறிக்கையைத்தான் எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அன்று தராசு முள்ளையே அசைக்காத சுண்டெலி இன்று சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறான்.